அரசப்பனை இறங்கச் சொன்னவள்

எங்கள் தெருவில் முப்பத்தொன்பது வீடு இருந்தது. அதில் முப்பத்தெட்டு போய்விட்டது. ஒன்று மட்டும் பண்ணை வயலுக்கு நடுவில் தனியாக நின்றது. அது செவ்வந்தியின் வீடு. அது ஏன் நின்றது, மற்றது ஏன் போயிற்று என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். அவள் விலை போனாள் என்று சொன்னவர்களும் உண்டு. அப்படிச் சொன்ன வாய்களில் என் வாயும் ஒன்று. ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

தென்னோடைக்குடி, திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே. நிலமெல்லாம் பஞ்சநதம் என்கிற பண்ணையாருடையது. அவர் தஞ்சாவூரில் இருப்பார். இங்கே எல்லாம் அவருடைய காரியஸ்தர் கண்ணுசாமிதான். நடவு, களையெடுப்பு, அறுப்பு, போரடிப்பு எல்லாம் எங்கள் தெரு. குடியிருந்த மனையும் பண்ணையுடையது. காலையில் கோபித்துக்கொண்டால் சாயந்திரம் குடிசையைப் பிரிக்கச் சொல்லலாம்.

சங்கம் வருவதற்கு முன்னால் கூலி பேசுகிற விதம் இதுதான். நாற்பது ஐம்பது பேர் களத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். கண்ணுசாமி எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்து, இருப்பதிலேயே பசித்தவனாக ஒருத்தனைப் பொறுக்குவார். "ஏன்டா, ஒனக்கு இது போதாதா?" என்பார். அவன் "போதுங்க" என்பான். முடிந்தது. அந்த ஒரு சொல்தான் அத்தனை பேருக்கும் கூலி.

அறுபத்தெட்டில் சங்கம் வந்ததும் நாங்கள் போட்ட முதல் கட்டுப்பாடு இதற்காகத்தான். பேசுவதற்கு என்று ஒருத்தரைத் தேர்ந்தெடுப்போம். பண்ணையிடமோ அதிகாரியிடமோ அவர் மட்டும்தான் பேசுவார். மற்றவர்களை உலுக்கிக் கேட்டாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மீறினால் அபராதம், சங்கம் அனுப்புகிற வேலைச் செட்டில் இடம் கிடையாது. அந்த வருஷ அறுப்பில் கண்ணுசாமி ஒவ்வொருத்தராகக் கேட்டுப் பார்த்தார். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மனுஷனுக்கு வியர்த்துவிட்டது. அறுத்த நெல்லில் கலத்துக்கு, அதாவது பன்னிரண்டு மரக்காலுக்கு, அரை மரக்கால் கூலி கூடக் கிடைத்தது.

இரண்டாவது கட்டுப்பாடு, பேசுகிறவரைப் பற்றியது. அவர்தான் செயலாளர். இரண்டு வருஷம் இருக்கலாம், இன்னும் ஒரு தடவை இரண்டு வருஷம் இருக்கலாம். அதற்கு மேல் கிடையாது. இறங்கி எல்லாரோடும் சேற்றில் நிற்க வேண்டும். இதை எவரும் புத்தகத்தைப் பார்த்து எழுதவில்லை. எங்கள் தெருவுக்கு முன்பு நாட்டாண்மை என்று ஒருவர் இருந்தார். அவர் அப்பாவும் நாட்டாண்மை, தாத்தாவும் நாட்டாண்மை. பொங்கலுக்குப் பொங்கல் பண்ணையில் வேட்டி வாங்கிக் கட்டிக்கொண்டு எங்களை அடக்கி வைப்பதுதான் அவர்களுக்கு வேலை. பட்டவர்கள் எழுதிய வரி அது.

முதல் செயலாளர் அரசப்பன். ஒல்லியான ஆள். தொண்டை மட்டும் பெரிது. எந்த வயலில் எத்தனை கட்டு விழும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லுவார். அறுபத்தொன்பது அறுப்பில் கண்ணுசாமி வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். வரப்பில் மறித்தோம். கம்பு சுழன்றது. செவ்வந்தியின் புருஷன் காத்தானுக்கு மண்டையில் அடி. ஒன்பதாம் நாள் செத்துப்போனான். அவன் விழுந்தபோது அடிக்கு நடுவே புகுந்து தூக்கியது அரசப்பன்தான். அதற்கும் கேஸ் அவர் பேரில்தான் எழுதினார்கள். நாலு மாதம் ஜெயிலில் இருந்தார். வெளியே வந்த பிறகும் அந்தக் கேஸ் முடியாமல் வாய்தா வாய்தாவாக இழுத்துக்கொண்டே கிடந்தது.

செவ்வந்திக்கு அப்போது முப்பது வயதிருக்கும். ராஜாத்தி என்று ஒரே பெண். நடவில் அவள் கைக்கு ஈடு கொடுக்க ஆள் கிடையாது. வாயும் அப்படித்தான்.

எழுபத்திரண்டில் அரசப்பனின் நாலு வருஷம் முடிந்தது. கணக்குப்படி இறங்க வேண்டும். களத்தில் கூடினோம். யாரைப் போடுவது என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தபோது செவ்வந்தி எழுந்தாள்.

"பழைய நாட்டாண்மைக்காகப் போட்ட வரிய அண்ணனுக்கு எதுக்குப் பாக்குறீங்க? எம்புருசன் விழுந்தப்ப தூக்குன கை அது. அந்தக் கைய எறக்கிட்டு வேற எந்தக் கையப் புடிக்கப் போறீங்க? அந்த வரிய அடிங்க."

எல்லாரும் கை தூக்கினோம். தெருவில் எழுதத் தெரிந்தவர் சாமிதுரை. அவர்தான் நோட்டை எடுத்து அந்த வரியை இரண்டு கோடு போட்டு அடித்தார். எல்லாருக்கும் கண் கலங்கியது. அன்பில் செய்தது. அதனால்தான் அது தப்பு என்று தெரிய அத்தனை நாள் பிடித்தது.

அரசப்பன் கெட்டவராகிவிட்டார் என்று சொன்னால் இந்தக் கதை சுலபமாக முடிந்துவிடும். அவர் ஆகவில்லை. கடைசி வரைக்கும் பண்ணையில் ஒரு படி நெல் வாங்கியது கிடையாது. நடந்தது வேறு. முதல் நாலு வருஷம் எங்களைக் கேட்டுவிட்டுச் செய்தார். அடுத்த இரண்டு வருஷம் செய்துவிட்டுச் சொன்னார். அதற்கப்புறம் சொல்வதும் நின்றது. எந்தப் பயல் எந்தச் செட்டில் போக வேண்டும், யார் வீட்டுச் சண்டையில் யார் பேரில் நியாயம், எல்லாம் அவர் வாயிலிருந்துதான். மனுக்கள், ரசீதுகள் எல்லாம் அவர் வீட்டு டிரங்குப் பெட்டியில். சாவி இடுப்பில். எங்களுக்கு அது வசதியாகவும் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் பொய் சொன்னவனாவேன். அலைய வேண்டாம், பயப்பட வேண்டாம், யோசிக்க வேண்டாம். எட்டு வருஷத்தில் எங்கள் தெருவில் தாலுகா ஆபீசுக்கு வழி தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான் என்று ஆகிவிட்டது.

இதற்கிடையில் குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே என்று சட்டம் வந்தது. தெருவே கூத்தாடியது. ஆனால் பண்ணை விடவில்லை. 'இவர்கள் சட்டத் தேதிக்கு அப்புறம் வேலைக்கு வந்து குடிசை போட்டவர்கள், இவர்களுக்கு அது செல்லாது' என்று ஆட்சேபணை கொடுத்தது. மூன்று தலைமுறையாக அங்கே பிறந்து செத்தவர்களைப் பார்த்துச் சொன்னது. அரசப்பன் முப்பத்தொன்பது வீட்டுக்கும் சேர்த்து ஒரே மனுவாகக் கொடுத்தார். விசாரணை தள்ளிக்கொண்டே போயிற்று. காத்தான் அடிபட்டுக் கிடந்த ஒன்பது நாளும் அந்த வீட்டுக்குள்தான் கிடந்தான். செவ்வந்திக்கு அந்த மனை ஒன்றுதான் எல்லாம்.

எழுபத்தாறு மாசி மாதம். நெருக்கடி நிலை அமலில் இருந்தது. சென்னையில் கழக ஆட்சியைக் கலைத்து ஒரு மாதம் ஆகவில்லை. டீக்கடை ரேடியோவில் ஒரு நாள் சொன்னார்கள், டெல்லி நாடாளுமன்றம் தன் காலத்தைத் தானே ஒரு வருஷம் நீட்டிக்கொண்டது என்று. அரசப்பன் கிளாசைப் பலகையில் நங்கென்று வைத்து, "ஒக்காந்தவன் எந்திரிக்க மாட்டேங்குறான் பாரு" என்று திட்டினார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

அதே வாரம் எங்கள் சங்கத் தேர்தல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் களத்தில் கூடினோம். அரசப்பன் எழுந்தார்.

"இந்தத் தடவ தேர்தல் வேணாம். காலம் சரியில்ல. கூட்டம் போட்டாலே புடிக்கிறான். டெல்லியிலயே ஒரு வருசம் தள்ளிட்டாங்க, நம்ம தெரு தள்ளுனா கொறஞ்சா போயிடும்?"

சிலர் சிரித்தார்கள். செவ்வந்தி தலையில் பதர் தூசியோடு பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள்.

"அண்ணே, முந்தாநாளு டீக்கடையில டெல்லிக்காரங்களத் திட்டுனது நீங்கதானாமே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அவங்க பண்ணா அநியாயம், நாம பண்ணா நியாயமா?"

"அவங்களும் நானும் ஒண்ணா தங்கச்சி?"

"இல்லண்ணே. நீங்க நல்லவரு. அதான் எனக்குப் பயமா இருக்கு."

பக்கத்து வீட்டு ராசம்மாள் கையைத் தட்டினாள். "இதென்னடி கூத்து! நல்லவருன்னா பயமாம். கெட்டவன்னா இவ எலையப் போட்டு சோறு போடுவா போலருக்கு."

களமே சிரித்தது. செவ்வந்தியும் சிரித்துவிட்டுச் சொன்னாள். "கெட்டவன்னா நாம முழிச்சிக்கிட்டு இருப்போம்டி. இவருங்கறதால கொறட்ட விட்டுத் தூங்குறோம். தாலுகா ஆபீசு எந்தப் பக்கம் இருக்குன்னு ஒனக்குத் தெரியுமா?"

"எனக்கு எதுக்குடி அது? அண்ணன் போறாரு."

"நாளைக்கு அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தா?"

"வாயக் கழுவு."

அரசப்பனுக்கு முகம் மாறியது. "அந்த வரிய அடிக்கச் சொன்னது யாரு? இதே எடத்துல நின்னு பேசுனது யாரு?"

"நான்தான். தப்புப் பண்ணிட்டேன். நான் அடிச்சத நானே எழுதச் சொல்றேன். நீங்க எறங்குங்கண்ணே. எங்க பக்கத்துல ஒக்காந்து சொல்லிக் குடுங்க. மேல ஒக்காந்துகிட்டு இருந்தா நாங்க கத்துக்கவே மாட்டோம்."

அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். "எறங்குனா அந்தக் கேச வச்சி என்ன உள்ள தள்ளிடுவான். செயலாளருன்னு இருக்கறதாலதான் கண்ணுசாமி தயங்குறான்."

"அப்ப இது எங்களுக்காக இல்ல. உங்களுக்காக."

அதை அவள் சொல்லியிருக்கக் கூடாது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். சாமிதுரை சட்டென்று, "அண்ணனே இருக்கட்டுங்கறவங்க கை தூக்குங்க" என்றார். அரசப்பன் எங்களுக்கு நேரே நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிப் பார்க்கும்போது யார் கையைக் கீழே வைப்பது? எனக்கு அவள் சொன்னது சரி என்று பட்டது. கை தூக்கினேன். செவ்வந்தி ஒருத்திதான் தூக்கவில்லை.

மனை விசாரணை புரட்டாசியில் வந்தது. ஊர்ச் சாவடியில் வைத்து தாசில்தார் விசாரிக்கிறார் என்று நோட்டீஸ். முதல் நாள் அரசப்பன் தெருவைக் கூட்டிச் சொன்னார். "எல்லாரும் வாங்க. ஆனா ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது. ஒருத்தன் தேதிய மாத்திச் சொன்னா மொத்த மனுவும் அடிபட்டுடும். நான் பேசிக்கிறேன்."

மறுநாள் காலையில் பெட்டியிலிருந்து காகிதங்களை எடுத்துக்கொண்டு, ஒரு நகல் எடுக்க வேண்டும் என்று மெயின் ரோட்டுக்குப் போனார். பஸ் நிற்கிற இடத்தில் போலீஸ் பிடித்து ஜீப்பில் ஏற்றியது. காகிதமும் அவரோடு போயிற்று. அந்த வருஷம் காரணம் சொல்லிப் பிடிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. ஒரு தெருவை அடக்குவதற்கு ஒரே ஒரு ஆளை அப்புறப்படுத்தினால் போதும் என்கிற அளவுக்கு வேலையைச் சுலபமாக்கி வைத்திருந்தவர்கள் நாங்கள்.

சாவடிக்குச் சேதி வந்தபோது தாசில்தார் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கண்ணுசாமி விசிறிக்கொண்டிருந்தார். குமாஸ்தா பட்டியலிலிருந்து முதல் பெயரைக் கூப்பிட்டார். தாசில்தார் கேட்டார், "எந்த வருஷத்துலேருந்து இந்த மனையில இருக்கே?"

முதல் ஆள் பேசவில்லை. தரையைப் பார்த்தான். இரண்டாவது ஆளும் பேசவில்லை. மூன்றாவது ஆள் ஒரு கிழவர், வாயைத் திறக்கப் போனவர் சாமிதுரையைப் பார்த்தார். சாமிதுரை கண்ணாலேயே 'கட்டுப்பாடு' என்று அதட்டினார். கிழவர் வாயை மூடிக்கொண்டார்.

செவ்வந்தி கூட்டத்துக்குள்ளிருந்து முன்னால் வந்தாள். "சார், இவங்க எல்லாம் பொறந்ததே இங்கதான். நான் வாக்கப்பட்டு வந்தப்பவே முப்பது வீடு இருந்திச்சு."

"உன் பேரு வரும்போது பேசும்மா. அவங்கவங்க அவங்கவங்க வாயால சொல்லணும்" என்றார் தாசில்தார். அவர் பேரில் குற்றம் சொல்ல மாட்டேன். ஒவ்வொருத்தரையும் இரண்டு தடவை கேட்டார். ஒரு கட்டத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "என்னய்யா, எல்லாரும் ஊமையா?" என்று கத்தினார்.

கண்ணுசாமி சிரித்தார். "அசலூர் ஆளுங்க சார். எந்த வருசம்னு சொல்லுவாங்க? வந்திருந்தாத்தானே தெரியும்."

செவ்வந்தி எங்கள் பக்கம் திரும்பினாள். "சொல்லித் தொலைங்கடா! அண்ணன் வர மாட்டாரு. இன்னிக்கி விட்டா போச்சு. டேய் முருகையா, ஒங்க அப்பன எங்க பொதச்சோம்னாவது சொல்லுடா!"

அந்த முருகையா நான்தான். என் பெயர் பதினேழாவது. கூப்பிட்டார்கள். நான் வழியையே பார்த்துக்கொண்டு நின்றேன். பயமென்று சொல்ல முடியாது. அரசப்பன் எப்படியாவது வந்துவிடுவார், வந்து பேசிவிடுவார் என்று இருந்தேன். எட்டு வருஷமாக அவர் வந்து பேசியிருக்கிறாரே. தாசில்தார் இரண்டாவது தடவையும் கேட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

"காத்தான் மனைவி செவ்வந்தி."

அவள் பேசினாள். எந்த வருஷம் வந்தாள், அந்த வருஷம் எந்தப் புயல் அடித்தது, எந்த வருஷம் ராஜாத்தி அந்த வீட்டில் பிறந்தாள், மருத்துவச்சி பேர் என்ன, எந்த வருஷம் காத்தான் அங்கே செத்தான், எல்லாம். கண்ணுசாமி குறுக்கே பேசினார். அவள் அவர் பக்கம் திரும்பி, "நீங்கதானே காரியஸ்தரே அன்னிக்கி பொணத்துக்கு வழி விட மாட்டேன்னு வேலிய அடைச்சீங்க? வீடு இல்லாமயா பொணம் வந்திச்சு?" என்றாள். தாசில்தாருக்கே சிரிப்பு வந்தது. எழுதிக்கொண்டார். அவளுக்குப் பிறகு எட்டுப் பெயர். ஒருத்தரும் பேசவில்லை.

உத்தரவு ஒரு மாதத்தில் வந்தது. செவ்வந்திக்கு மனை உண்டு. முப்பத்தெட்டுக் குடும்பத்துக்கு அத்தாட்சி இல்லை. அப்பீலுக்குப் போகலாமாம். எங்கே போவது, யார் போவது? ஐப்பசி மழையில் போலீசை வைத்துக்கொண்டு பிரித்தார்கள். நனைந்த கீற்றைத் தலையில் வைத்துக்கொண்டு ஆற்றுக் கரைக்குப் போனோம். அந்த மழையில் இரண்டு குழந்தைகள் செத்தன. ஒன்று ராசம்மாளுடையது.

அப்படிக் கிடக்கிறவனுக்கு யார் பேரிலாவது கோபப்பட வேண்டும். கண்ணுசாமி பேரில் கோபப்பட்டால் அடி விழும். செவ்வந்தி பேரில் படலாம். 'எல்லார் வீடும் போச்சு, அவ வீடு மட்டும் எப்படி நின்னுது?' என்று முதலில் யார் கேட்டார்களோ தெரியாது. ஒரு வாரத்தில் அதுவே தெருப் பேச்சு. சாமிதுரை கூட்டம் போட்டு, கட்டுப்பாட்டை மீறிப் பேசியதற்காக அவளைத் தள்ளி வைத்தார். செட்டில் வேலை இல்லை. நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து இல்லை. பேச்சு இல்லை.

செவ்வந்தி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அண்ணன் வெளிய வரட்டும். அவரு வந்து நான் பேசுனது தப்புன்னு களத்துல சொல்லட்டும். நான் இந்த மனைய விட்டுட்டு கரைக்கே வந்துடறேன். சரின்னு சொன்னா என்ன செட்டுல சேத்துக்கங்க."

அரசப்பன் எழுபத்தேழு பங்குனியில் வந்தார். டெல்லியில் தேர்தல் வைத்து, உட்கார்ந்தவர்களை ஜனங்கள் இறக்கிவிட்டிருந்த நேரம். உடம்பு பாதியாகியிருந்தது. கரையைப் பார்த்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அன்றைக்கே எல்லாரும் அவரைச் சுற்றி உட்கார்ந்து கேட்டோம், செவ்வந்தி செய்தது சரியா தப்பா.

அவர் ஆற்றைப் பார்த்தபடி, "எல்லாரும் சேந்து பேசாம இருந்திருந்தா நான் வந்து வாய்தா கேட்டிருப்பேன். நடுவுல ஒரு ஆளு பேசுனதுதான் கெடுத்திடுச்சு" என்றார்.

அது எப்படிக் கெடுக்கும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை. எங்களுக்கும் அந்தப் பதில்தான் வேண்டியிருந்தது. அன்றைக்கே கை தூக்கி அவரையே மறுபடியும் செயலாளராக்கினோம்.

பண்ணை எங்கள் தெருவை உழுது நட்டுவிட்டது. நடுவில் செவ்வந்தி வீடு மட்டும் மேடாக நின்றது. சுற்றிலும் தண்ணீர். கண்ணுசாமி வரப்பைச் சீவிச் சீவி ஒரு கால் வைக்கிற அகலத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். அவள் அயலூருக்கு நடவுக்குப் போய்ப் பிழைத்தாள். எழுபத்தொன்பதில் ராஜாத்தியைப் பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பு வேலை செய்கிற ஒரு பையனுக்குக் கட்டிக் கொடுத்தாள். எங்கள் தெருவில் ஒருத்தரும் போகவில்லை. ராசம்மாள் மட்டும் கரையில் நின்று, பெண் வரப்பில் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு முந்தின வருஷம் ஒரு காலையில் அரசப்பன் அவள் வீட்டுக்குப் போனார். நான் அவரை சைக்கிளில் வைத்து மிதித்துக்கொண்டு போயிருந்தேன். வரப்பில் நின்றேன். பேசியது காதில் விழுந்தது.

"நீ அன்னிக்கிப் பேசுனது சரிதான் தங்கச்சி. எல்லாரும் பேசியிருந்தா எல்லாருக்கும் கெடச்சிருக்கும்."

"அத எங்கிட்ட ஏண்ணே சொல்றீங்க? களத்துல சொல்லுங்க."

"சொன்னா என் கட்டுப்பாட்டாலதான் முப்பத்தெட்டு வீடு போச்சுன்னு ஆயிடும். அப்பறம் யாரு என் பேச்ச மதிப்பா? சங்கமே ஒடஞ்சிடும்."

"அப்ப எறங்கிட்டுச் சொல்லுங்க. பதவியில இருக்கறவருக்குத்தான் அந்தப் பயம். எறங்குனவரு உண்மையச் சொன்னா எது ஒடையும்?"

அரசப்பன் எழுந்து வெளியே வந்து சைக்கிளில் ஏறிக்கொண்டார். வழியில் என்னிடம், "நீ ஒண்ணும் கேக்கல" என்றார். "இல்லண்ணே" என்றேன். அதற்குப் பிறகு ஆறு வருஷம் நான் ஒன்றும் கேட்காதவனாகவே இருந்தேன்.

அதிகாரம் நல்லவன் கையில் எத்தனை நாள் இருந்தால் என்ன என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். சென்னைக்கு, டெல்லிக்கு என்று ஆள் அனுப்பும்போதும் அதையேதான் கேட்கிறார்கள். ரொம்ப நாள் உட்கார்ந்தவர் தன் தப்பை ஒப்புக்கொள்ள முடியாது. ஏனென்றால் அந்தத் தப்பில்தான் அவருடைய நாற்காலி நிற்கிறது. இறங்கினால் பகையாளி தின்றுவிடுவான் என்று அவருக்குப் பயம். அவர் இறங்கினால் யார் என்று நமக்குப் பயம். இந்த இரண்டு பயத்தையும் மனுஷன் தானாக ஜெயிக்க மாட்டான். அதற்குத்தான் தேதி வேண்டும். ஆள் நல்லவனா கெட்டவனா என்று பார்க்காத தேதி.

அரசப்பன் எண்பத்துநாலு பங்குனியில் செத்தார். செயலாளராகவே செத்தார். கொடி போர்த்தித் தூக்கினோம். டிரங்குப் பெட்டியைத் திறந்தால், எது எந்தக் காகிதம் என்று படித்துச் சொல்ல சாமிதுரையாலேயே முடியவில்லை. அப்பீல் தேதியெல்லாம் எப்போதோ முடிந்துபோயிருந்தது. பதினாறாம் நாள் நான் களத்தில் எழுந்து சைக்கிளில் போன கதையைச் சொன்னேன். ஆறு வருஷம் கழித்து, அவர் செத்த பிறகு. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

ராசம்மாள்தான் முதலில் எழுந்து நடந்தாள். பின்னாலேயே பத்துப் பதினைந்து பேர் அந்த ஒற்றைக் கால் வரப்பில் வரிசையாகப் போனோம். செவ்வந்தி கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள். தலை நரைத்துவிட்டது.

"அத்தை, எங்கள மன்னிச்சிடுங்க" என்றேன்.

"அன்னிக்கி ஒம் பேரக் கூப்ட்டாங்களே, ஏன்டா பேசல?"

"அண்ணன் பேசுவாருன்னு இருந்தேன்."

"அவருதான் ஜீப்புல போயிட்டாரே."

"ஆமா."

"ஆமாவாம்." கையை உதறினாள். சாமிதுரை மெல்ல, அவளே செயலாளராக இருக்க வேண்டும் என்று ஆரம்பித்தார்.

"நான் ஒக்காந்தா எட்டு வருசம் தள்ளி வச்ச பாவத்துக்கு எனக்கும் கோயில் கட்டிட்டு மறுபடி வாய மூடிக்குவீங்க. எனக்கு வேணாம். அந்த வரிய எழுதுங்க. இன்னொண்ணும் எழுதிக்கங்க. கூலி பேசறப்ப நாலு பேரு போவணும், நாலு பேரும் பேசணும், மறு வருசம் வேற நாலு பேரு."

எழுதினோம். முதல் கைநாட்டு அவளுடையது. சாமிதுரையை இரண்டு வருஷத்துக்குச் செயலாளராகப் போட்டோம். அடுத்த நடவுக்கு அவளைச் செட்டில் கூப்பிட்டார்கள். வந்தாள். எங்கள் பெண்களுக்கும் அவளுக்கும் பேச்சு சரியாக வரவில்லை. கை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடியது.

தை அறுப்புக்கு நாலு பேர் போய்க் கூலி பேசினார்கள். நாலு பேரும் நாலு விதமாகப் பேசினார்கள். ஒருத்தன் கேட்டதை இன்னொருத்தன் வெட்டினான். கண்ணுசாமிக்குக் கொண்டாட்டம். அக்கம்பக்கத்து ஊரைவிடக் கால் மரக்கால் குறைத்தே முடித்தார். பேச்சு முடிந்து எல்லாரும் திரும்பி வருகிற வழி, எங்கள் பழைய தெரு இருந்த வயல் வழியாகத்தான். கதிர் முற்றித் தலை சாய்ந்திருந்தது. என் வீடு எந்த இடம் என்று பார்த்தேன், தெரியவில்லை.

"அரசப்பன் இருந்திருந்தா இப்படி விட்டிருக்க மாட்டாரு" என்று யாரோ முனகினார்கள். இன்னும் இரண்டு பேர் ஆமாம் என்றார்கள்.

முன்னால் போன செவ்வந்தி திரும்பாமலே கேட்டாள். "அடுத்த வருசம் யாரு கூலி கேக்கப் போறது?"

முனகியவர்கள் குனிந்து வரப்பைப் பார்த்து நடந்தார்கள்.

"நான் கேக்குறேன்" என்றாள் ராசம்மாள். "ஆனா எனக்கு அந்த மரக்கா கணக்கு ஒரு எழவும் தெரியாதுடி."

"சொல்றேன், நட" என்றாள் செவ்வந்தி.